மாஸ்டரின் டிராகனும் எங்கள் கிணறும்

மரத்தில் செதுக்கிய அந்த டிராகன் ஒரு முழ நீளம் இருக்கும். பச்சை வர்ணம் முக்கால்வாசி உதிர்ந்துபோய், முதுகு வளைவுகளின் இடுக்கில் மட்டும் மிச்சமிருந்தது. மானுக்கு இருப்பதுபோல் இரண்டு கொம்பு, கெண்டை மீனின் செதில், பருந்தின் நகம், மோவாய்க்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஓர் உருண்டை. சிறகு கிடையாது. 1976 மே பத்தாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி வெயிலில், ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் பதனிடும் ஆலையின் தகரக் கூரைமேல் எங்கள் சீன மாஸ்டர் அதை ஏற்றி வைத்தார். ஏணியில் அவரேதான் ஏறினார். தகரம் கை வைக்க முடியாமல் கொதித்தது. ஒரு தடவை கிழக்கே திருப்பினார், பிறகு கொஞ்சம் தெற்கே சாய்த்தார். கடைசியில் சூரியன் நேராக அதன் முகத்தில் அறையும்படி வைத்துவிட்டு இறங்கினார்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர், தோலைப் போட்டுச் சுழற்றும் மர டிரம்களின் மேஸ்திரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் இல்லை. "இன்னா மாஸ்டர், பல்லிய வத்தல் போட்றீங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"வேலை செய்யல இவன். வெயில்ல நிக்கட்டும். சூடு தெரியட்டும்" என்றார் மாஸ்டர்.

"எத்தினி நாளிக்கு?"

"மழை வர்ற வரைக்கும்."

"அப்டின்னா கருவாடா ஆய்டுவான் மாஸ்டர். கொழம்பு வெக்க நான் ரெடி."

அதற்கு மாஸ்டரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் கண்கள் இரண்டும் கோடாகிவிடும்.

அவர் கல்கத்தாவில் பிறந்த சீனர். அவருடைய தாத்தா காலத்திலேயே குடும்பம் சீனாவை விட்டு வந்துவிட்டது. கல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் சீனர்கள் நடத்தும் தோல் ஆலைகள் இருந்தன. அங்கே குரோம் என்ற ரசாயன உப்பை வைத்துத் தோலைப் பதனிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அதுவரை ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். ஒரு தோல் பதமாக மாதக்கணக்கில் ஆகும். பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தபின், முழுதாக முடித்த தோலாக அனுப்பியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தது. குரோம் தெரிந்த ஆள் வேண்டும் என்று எங்கள் முதலாளி கல்கத்தா வரை போய் இவரை அழைத்து வந்தார். 1976 ஜனவரியில் வந்து இறங்கினார். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு துணி மூட்டை. மூட்டைக்குள் டிராகன். சீனப் போருக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த சீனர்கள்கூட அந்நியர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. மாதம் ஒரு முறை காவல் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுவார். வேலூருக்குப் போய் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்றாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த விண்ணப்பங்களை ஆங்கிலத்தில் எழுதித் தரும் வேலை, ஆலையின் குமாஸ்தா என்ற முறையில் எனக்கு வந்தது. எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. என்னை "பாபு" என்று கூப்பிடுவார். கல்கத்தா இந்தியை வைத்துக்கொண்டே ஆம்பூரில் காலம் தள்ளியிருக்கலாம். கடைத்தெருவில் பாதிப் பேர் உருது பேசுகிறவர்கள். ஆனால் மூன்றே மாதத்தில் தமிழை அவர் பாணியில் பிடித்துக்கொண்டார்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே தேதி எழுதும் பழக்கம் உண்டு. 1961 முதல் டைரி விடாமல் எழுதியிருக்கிறேன். மழை, வெயில், யார் வீட்டில் சாவு, எந்த வண்டி எவ்வளவு தாமதம், படித்த புத்தகம், எல்லாம் இருக்கும். அதனால் மாஸ்டர் சொன்ன ஆண்டுக் கணக்கு என்னை உடனே இழுத்துக்கொண்டது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு விலங்கின் வருடம் திரும்பி வரும். 1976 ஜனவரி 31 முதல் டிராகன் வருடம். அவர் பிறந்தது 1928, அதுவும் டிராகன். நான் 1940, நானும் டிராகன். "பாபு, நம்ம ரெண்டு பேரும் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். பிறந்த வருடம் திரும்பி வந்தால் நல்லது என்றுதான் நாம் நினைப்போம். அவர்களுக்கு அது ஆளுக்கு ஆகாத வருடமாம், கண்டம் மாதிரி. அதற்குக் காப்பாக இடுப்பில் சிவப்புக் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். முடி போக்கத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் அவர் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றபோது மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "தோ பார்றா, மாஸ்டரும் அர்ணாக்கவுறு கட்டிட்டாரு. இனிமே நம்ப ஆளுடா" என்று ஆலை முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் ஒரு கயிறு கொடுத்தார் மாஸ்டர். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்று சொல்லி மறுத்துவிட்டேன். அறுபது வருடத்தில் பெரிய சுற்று ஒன்று முடிகிறது என்றும் அவர் சொன்னார். பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தால் நம் அறுபது வருடச் சுற்றும் அதே நீளம். அவர் பிறந்தது விபவ வருடம். 1988-இல் மறுபடி விபவ வரும், டிராகனும் வரும். இதை அவருக்குச் சொன்னபோது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று டைரியில் ஒரு பக்கம் முழுக்க அட்டவணை போட்டேன்.

டிராகன் என்றால் நெருப்புக் கக்கும் மிருகம் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். படக்கதைகளில் அப்படித்தான் வரும். மேஸ்திரிக்கு அது வேலூர்க் கோட்டைக் கோயில் தூணில் இருக்கும் யாளி. என் மனைவிக்கு வேதாகமத்தில் சாத்தானாக வரும் வலுசர்ப்பம். "அத எடுத்துனு நம்ப வீட்டு வாசப்படி ஏறக்கூடாதுன்னு சொல்லிடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். மாஸ்டர் நெருப்பு என்ற பேச்சைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். அது தண்ணீர்ப் பிராணி என்றார். கடலுக்கு ஒன்று, ஆற்றுக்கு ஒன்று, குளத்துக்கும் கிணற்றுக்கும்கூட ஒவ்வொன்று. மேகத்தை ஓட்டுவது அதுதான். பனிக்காலம் முழுக்க ஆழத்தில் தூங்கும். வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளில் வானத்துக்கு ஏறும். இலையுதிர் காலத்தின் சமநாளில் மறுபடி தண்ணீருக்குள் இறங்கிவிடும். அதன்பின் மழை இல்லை. மழைக்காலத்தில் அது வேலை செய்யாமல் சோம்பிக் கிடந்தால், அவருடைய தாத்தாவின் ஊரில் கோயிலில் இருக்கும் டிராகன் ராஜாவைத் தூக்கி வந்து வெயிலில் வைத்துவிடுவார்களாம். நாங்கள் பட்டபாடு நீயும் படு என்று அர்த்தம். மழைக்காகக் கொடும்பாவி கட்டி இழுக்கும் ஊர்க்காரர்களுக்கு இது புரியாமல் இருக்குமா? "நம்ப சாமிய இந்த மாதிரி நிக்க வெச்சா ஊரு சும்மா வுடுமா? இவுங்க தைரியசாலிங்கப்பா" என்றார் மேஸ்திரி.

வெயிலில் நிற்க வைத்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடமாக மழை பொய்த்திருந்தது. பாலாற்றில் மணல்தான். ஆலையின் கிணறு அடியில் சேறாகி, டிரம் ஓட்டத் தண்ணீர் இல்லாமல் வாரத்தில் நான்கு நாள் ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஆலைக்குப் பின்னால் இருந்த ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. பன்னிரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. அந்தக் கிணறு மட்டும் வற்றவில்லை. தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். நானும் என் மனைவியும் அந்தத் தெருவில் குடி வந்ததே அந்தத் தண்ணீருக்காகத்தான். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரில் எத்தனை பேர் எந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து படுக்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறவள். தெருவில் கிணற்றுக்கு முதல் காவல்காரி அவள்தான். சோப்புப் போட்ட வாளியைக் கிணற்று உறைமேல் வைத்துவிட்டால் போதும், அந்த வீட்டில் அன்று சண்டை நிச்சயம். மாஸ்டர் சாயங்காலம் ஒரு அலுமினியத் தூக்கோடு வந்து டீக்குத் தண்ணீர் எடுத்துப் போவார். "இந்தக் கிணத்துல ஒருத்தன் இருக்கான், தங்கச்சி. நல்லவன்" என்பார். "இருந்தா இருந்துட்டுப் போவட்டும்ணா. கடிக்காம இருந்தா சரி" என்பாள் அவள்.

பன்னிரண்டாம் நாள், மே 21, மாலை ஐந்தே காலுக்கு இடி இடித்தது. அரை மணி நேரம் கொட்டியது. மேஸ்திரி கூரை ஏறி டிராகனை எடுத்து வந்து தன் துண்டாலேயே துடைத்து மாஸ்டரிடம் கொடுத்தார். பிறகு அந்த ஆனியிலும் ஆடியிலும் அங்கங்கே நல்ல மழை. ஆலைக் கிணற்றில் ஆறடி ஊறியது, டிரம்கள் ஓடின. கோடையில் அப்படிப் பெய்வது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. என் பழைய டைரிகளிலேயே இருக்கும். ஆனால் டிராகன் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று மாஸ்டர் சொன்ன நாள்கணக்கு ஆலையில் எல்லோர் மனதிலும் உட்கார்ந்துவிட்டது. என் மனதிலும்தான்.

குரோம் போட்ட டிரம்மைத் திறந்துவிட்டால் பச்சையும் நீலமுமாக ஒரு தண்ணீர் வரும். சுண்ணாம்புக் குழியிலிருந்து வருவது வேறு, முடியும் சதையும் கரைந்த வெள்ளைத் தண்ணீர், அழுகிய முட்டை நாற்றம். இதையெல்லாம் எங்கே விடுவது? முதலாளி கையை நீட்டிக் காய்ந்த ஏரியைக் காட்டினார். "தண்ணியே இல்லாத ஏரி, யாருக்கு இன்னா கம்மியாயிடப் போவுது?" மாஸ்டர் அதற்கு எளிதில் சம்மதிக்கவில்லை. கல்கத்தாவில் தன் வீட்டுக்குப் பின்னால் ஓடிய கால்வாய் கறுத்துப்போனதைப் பார்த்தவர். மூன்று நாள் யோசித்து அவரே ஒரு வழி சொன்னார். ஏரியில் ஆலைப் பக்கத்து ஓரத்தில் களிமண்ணைத் தளமாகப் பரப்பி, முழங்கால் உயரத்துக்குக் கரை கட்டி, உப்பளம் மாதிரி ஆழமில்லாத பாத்திகள். கழிவுத் தண்ணீரை அதில் நிறுத்தினால் வெயில் உறிஞ்சிவிடும். அடியில் தங்கும் படிவைச் சுரண்டி வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்திவிடலாம். மழைக்கு முன்னால் பாத்தி காலியாகிவிட வேண்டும், அதுதான் முக்கியம். ஆடி மழைக்கு முன்பு ஒரு தடவை அப்படியே செய்தார். கையில் மண்வெட்டி வாங்கி அவரே சுரண்டினார். எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், "கிணத்துக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆவணியில் வெயில் திரும்பியதும் பாத்திகளில் மறுபடி தண்ணீர் விட்டார்கள்.

செப்டம்பர் 23, வியாழக்கிழமை. சமநாள். மாஸ்டர் என் மேஜைக்கு வந்தார். பாத்திகள் ததும்ப நிறைந்திருந்தன. காலி செய்து மூடிவிடுவதா, இன்னும் சில மாதம் ஓட்டலாமா என்று முதலாளி கேட்கிறாராம்.

"பாபு, இன்னிக்கு அவன் கீழ போற நாள். சரிதானே?"

"சரிதான் மாஸ்டர். பஞ்சாங்கத்துலயும் இருக்கு."

"இதுக்கு மேல மழை உண்டா?"

நான் மேஜை இழுப்பறையைத் திறந்து டைரிகளை எடுத்தேன். சென்ற வருடத்துடையதும் அதற்கு முந்தைய வருடத்துடையதும் அங்கே இருந்தன. அக்டோபர், நவம்பர், டிசம்பர் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அவருக்குக் காட்டினேன். "ரெண்டு வருஷமா ஐப்பசி கார்த்திகையில தூறலோட சரி, மாஸ்டர்." அவர் குனிந்து பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஆனால் மழை பெய்த நாளுக்கு நான் பக்க ஓரத்தில் நீல மையால் ஒரு கோடு போடுவது தெரியும். கோடே இல்லாத பக்கங்கள். அவருக்கு முகம் மலர்ந்தது. கல்கத்தாவில் அந்தச் சமயத்தில் மழை ஓய்ந்துவிடும். அவருடைய தாத்தா சொன்னதும் அதுதான். இப்போது பாபுவின் டைரியும் அதையே சொல்கிறது.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும்தான் எங்கள் ஊருக்கு மழைக்காலம், வடகிழக்கிலிருந்து வரும் மழையை நம்பித்தான் ஏரிகளே வெட்டினார்கள் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். அது அவருக்குத் தெரிந்திருக்காது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. 1973-ஆம் வருட டைரியை அவருக்குக் காட்டியிருந்தால் பக்க ஓரமெல்லாம் நீலக் கோடாக இருந்திருக்கும். அது வீட்டில் பெட்டிக்குள் இருந்தது. எடுக்கப் போகவில்லை. சீனக் கணக்கும் நம் பஞ்சாங்கமும் என் டைரியும் ஒன்றாகப் பொருந்தி வந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் வேறெதையும் நான் நினைக்கவில்லை. பொங்கல் வரை பாத்திகள் இருக்கலாம் என்று மாஸ்டர் முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

கார்த்திகை இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை தொடங்கியது. மூன்று நாள் விடாத மழை. முதல் நாள் தெருவே வெளியில் நின்று நனைந்தது. மூன்றாம் நாள் ஏரி நிரம்பியது என்று செய்தி வந்தபோது மேஸ்திரி கனகாம்பரச் சரம் வாங்கி வந்து டிராகன் கழுத்தில் போட்டார். "கருவாடு கொடுத்துட்டான்யா" என்று ஆடினார். மாஸ்டர் ஆடவில்லை. மழையில் ஏரிக்கரையில் போய் நின்றவரை நான்தான் குடை பிடித்து அழைத்து வந்தேன். பாத்திகள் இருந்த இடமே தெரியவில்லை. செம்மண் நிறத் தண்ணீர் பரந்து கிடந்தது. ஆலைப் பக்கம் மட்டும் பச்சையாக ஒரு வால் நீண்டு, எங்கள் தெருவை நோக்கி மெல்ல அகன்றுகொண்டிருந்தது.

நான்கு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் காலையில் என் மனைவி முதல் குடத்தை இழுத்ததும் அப்படியே உறையில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். "மோந்து பாருங்க" என்றாள். அழுகிய முட்டை. வாயில் வைத்தால் உப்பும் கசப்பும். மாஸ்டருக்கு ஆள் அனுப்பினோம். வந்தவர் ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தார், துப்பவில்லை. கிணற்று உறையில் இரண்டு கையையும் ஊன்றி வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். "போய்ட்டான்" என்றார். என் மனைவி அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீங்க சொன்னீங்களேண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

அவர் பெட்டி கட்டிக்கொண்டு கல்கத்தாவுக்குப் போய்விடுவார் என்று நினைத்தோம். அவர் முதலாளியிடம் போய், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றார், ஒரு நிபந்தனையோடு. எங்கள் தெருக் கிணறு பழையபடி ஆகும்வரை ஏரிப் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது. மாஸ்டர் போனால் குரோம் போகும், குரோம் போனால் ஏற்றுமதி போகும். முதலாளி ஒப்புக்கொண்டார். வாக்குத் தவறாத மனிதர் அவர், அதையும் எழுத வேண்டும். அந்த வருடத்திலிருந்து கழிவு வேறொரு வாய்க்காலில் ஆற்றுப் பக்கம் போனது. ஆற்றில் யாருடைய கிணறும் இல்லை என்பதுபோல நாங்கள் எல்லோருமே நடந்துகொண்டோம். மாஸ்டர் மட்டும் அந்த வாய்க்காலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

டிசம்பர் முதல் ஞாயிறு அன்று ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். ஞாயிறுதோறும் காலையில் வருவார். நான் ஒரு வாளி இழுப்பேன். ஒரு தம்ளரில் எடுத்து வாயில் கொப்பளித்து விழுங்குவார். "நல்லா இல்ல" என்பார். நான் தேதி போட்டு "நல்லா இல்லை" என்று எழுதுவேன். பக்கத்தில் அவர் சீன எழுத்தில் தன் பெயரைப் போடுவார். சித்திரை தோறும் ஆலை ஆட்களைக் கூட்டிவந்து கிணற்றை இறைத்துச் சேறு வாரினார். கரி கொட்டினார், ஆற்று மணல் கொட்டினார். ஒரு வருடம் உறைக்கு வெளியே சுற்றிலும் பள்ளம் எடுத்துக் களிமண் திணித்தார். இறைத்த இரண்டு நாள் தண்ணீர் தெளிவாக வரும். மூன்றாம் நாள் பழையபடி. எங்கள் தெரு அரை மைல் நடந்து வேறு கிணற்றுக்குப் போனது. இரண்டு வீட்டார் காலி செய்துகொண்டு ராணிப்பேட்டைப் பக்கம் போனார்கள். 1982-83, பஞ்சம் வந்த துந்துபி வருடத்தில் மேஸ்திரி, "அவன மறுபடி வெயில்ல வெக்கலாமா மாஸ்டர்?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். "அவன் மேல தப்பு இல்ல. அவன் வேலைய அவன் செஞ்சான்" என்றார் மாஸ்டர். அவருடைய மகன் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டு வா வா என்று எழுதிக்கொண்டிருந்தான். கடிதங்களைப் படித்துவிட்டு, "கிணறு இருக்கு" என்பார். நானும் பதில் எழுதும்போது அதையே ஆங்கிலத்தில் எழுதுவேன். அந்த மகனுக்கு என்ன புரிந்திருக்கும் என்று தெரியவில்லை.

1987 மழைக்காலத்தில் அவருக்கு ஒரு மாதம் காய்ச்சல். தேறி வந்தபின் ஆள் பாதியாகிவிட்டார். ஒரு நாள் எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனதும் என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். சர்க்கரை போட மறந்திருக்கிறாள். அவர் வழக்கம்போல "அச்சா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "நாக்கு செத்துப்போச்சுங்க அவருக்கு. வாசனையும் தெரியல" என்றாள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் "நல்லா இல்ல" என்றே சொல்லி வந்தார். பழக்கத்தில் சொல்லியிருப்பார்.

1988 பிப்ரவரி 17 புதன்கிழமை டிராகன் வருடம் பிறந்தது. ஞாயிறு வரை பொறுக்காமல் அன்று காலையிலேயே வந்துவிட்டார். சலவைச் சட்டை, இடுப்பில் புதுச் சிவப்புக் கயிறு சட்டைக்கு வெளியே தெரிந்தது. அறுபது ஆகப் போகிறவர், வாளியை நான் இழுக்கிறேன் என்றதற்கு விடவில்லை. தம்ளர் நிறைய எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக முழுவதையும் குடித்தார். கண்ணைத் திறந்தபோது நிறைந்திருந்தது.

"பாபு, வந்துட்டான்."

வாளியில் இருந்த மிச்சத்தை நான் வாயில் வைத்துப் பார்த்தேன். அதே உப்பு, அதே கசப்பு. என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்த்து, "தங்கச்சி, குடிச்சுப் பாரு. நல்லா இருக்கு" என்றார். பன்னிரண்டாவது வருடமாக அந்தத் தண்ணீரைப் பாத்திரம் கழுவக்கூட எடுக்காதவள். வந்து தம்ளரை வாங்கினாள், வாளியில் மொண்டு ஒரு மடக்குக் குடித்தாள். "ஆமாண்ணா. நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய் நோட்டைக் கொண்டுவந்தேன். தேதி போட்டேன். நல்லா இருக்கு என்று எழுதினேன். அவர் பக்கத்தில் பெயரைப் போட்டார்.

நோட்டை அவரே எடுத்துக்கொண்டு போனார். கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் நேராக முதலாளியிடம் போயிருக்கிறார். மாசியிலேயே மறுபடி பாத்தி கட்ட ஏரியில் ஆட்கள் இறங்கினார்கள். ஆற்றுப் பக்கத்து வாய்க்காலைப் பற்றி ஏற்கெனவே தகராறு கிளம்பியிருந்தது. புது டிரம்கள் வேறு வந்திருந்தன. முதலாளிக்கு இடம் வேண்டியிருந்தது, நிபந்தனையும் நிறைவேறிவிட்டது. நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். மேஜையில் அந்த நோட்டு இருந்தது.

"மொதலாளி, அந்தக் கடைசி வரி நெஜம் இல்ல. மாஸ்டர் மனசு நோவக் கூடாதேன்னு எழுதனது."

"அதுக்கு முன்னாடி இருக்குற வரிங்கோ?"

"அதெல்லாம் நெஜம்."

அவர் பக்கங்களைப் புரட்டினார். அவர் படுத்திருந்த, ஊருக்குப் போயிருந்த வாரங்கள் போக ஐந்நூற்று அறுபத்தொரு வரி இருந்தது. நான் பிறகு எண்ணி வைத்திருந்த கணக்கு அல்ல இது, வாரா வாரம் ஓரத்தில் எண் போட்டே எழுதியிருந்தேன். "இத்தினி வருஷமும் உங்க கைதான் எழுதிச்சி. மாஸ்டர் கையெழுத்து இருக்குது. உங்க வீட்டம்மாவும் குடிச்சாங்களாம். இப்ப வந்து இது ஒண்ணு மட்டும் பொய்யின்னா, நான் எத நம்பறது, சொல்லுங்க?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். "மாஸ்டரையே கூப்ட்டுக் கேட்டுடலாமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஏரியில் மாஸ்டர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நின்றார். இந்தத் தடவை கரையை இடுப்பு உயரத்துக்குக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐப்பசியில் மழை வரும் என்பது இப்போது அவருக்குத் தெரியும். களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துப் பார்த்தார். அவரிடம் போய் உங்கள் நாக்கு செத்துவிட்டது, கிணறு எப்போதோ செத்துவிட்டது என்று சொல்வதற்கு எனக்கு ஏழு மாதம் இருந்தது. சொல்லவில்லை. ஆவணி மாதம் தூக்கத்தில் போய்விட்டார். கல்கத்தாவிலிருந்து அவருடைய தம்பி வந்து காரியம் செய்துவிட்டு, தகரப் பெட்டியையும் துணி மூட்டையையும் எடுத்துப் போனார்.

அந்த வருட மழையில் கரை உடையவில்லை. மாஸ்டர் கட்டியது அவ்வளவு பலம். பாத்தித் தண்ணீர் அடிவழியாக மண்ணுக்குள் இறங்கியது. இரண்டு வருடத்தில் ஏரியைச் சுற்றி இருந்த மற்றக் கிணறுகளும், எங்கள் தெரு அரை மைல் நடந்து போய் எடுத்த கிணறும், ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. எங்கள் கிணற்றைத் தெருக்காரர்களே கட்டட இடிபாடு கொட்டித் தூர்த்துவிட்டார்கள். அதன்மேல் இப்போது ஒரு டிரான்ஸ்பார்மர் நிற்கிறது. ஏரியில் வீடுகள் வந்துவிட்டன. அங்கே குடியிருக்கும் பிள்ளைகள் தண்ணீர் என்றால் கேனில் வருவது என்றுதான் அறிவார்கள். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. டைரி எழுதுவதை நிறுத்தி வெகு காலம் ஆகிறது.

நோட்டை முதலாளி திருப்பித் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஆலை கைமாறியபோது பழைய காகிதங்களை மூட்டை கட்டி ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒப்படைத்ததாகச் சொன்னார்கள். அதில் அதுவும் போயிருக்கலாம். எங்கள் தெருவில் ஒரு கிணறு இருந்ததா, அதன் தண்ணீர் எப்படி இருந்தது என்று என்றாவது யாராவது தேடினால், கடைசியாக அவர்களுக்குக் கிடைக்கப்போவது, தேதி பிசகாமல், தெளிவான என் கையெழுத்தில், நல்லா இருக்கு என்ற அந்த வரிதான்.